கப்பலில் ஒரு பெரட்டு

கோயில் ஆண்டு மலருக்கு, கப்பல் சுற்றுலாவின் நன்மை தீமை பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். இரண்டு பக்கத்தில் அடங்காது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். நன்மைக்கு ஒரு பக்கம் போதும். தீமை என்று எனக்கு நெஞ்சில் தங்கியது ஒன்றே ஒன்றுதான். அதைச் சொல்லத்தான் இத்தனை வருடமாக வாய் வரவில்லை.

என்னை ஏன் கேட்டார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மலையூரான தானா ராத்தாவில், பஸ் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில், சனிக்கிழமை காலையில் நாங்கள் கொஞ்சம் பேர் கூடுவோம். எல்லாரும் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். நான் மட்டும் பாதித் தோட்டக்காரன். இளவயதில் இரண்டு வருடம் தோட்டத்தில் இருந்தேன். பிறகு பக்கத்து ஊரான பிரிஞ்சாங்கில் ஒரு ஹோட்டலில் அறை சுத்தம் செய்தேன். கடைசியாகப் பத்தொன்பது வருடம் சுற்றுலாக் கப்பல். அதனால் ஊரில் எனக்குப் பெயர் கப்பல்காரர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஆறுமுகம் என்பது பாதிப் பேருக்கு மறந்தே போயிருக்கும்.

போன மாதம் சின்னப்பன் அண்ணன் ஒரு தாளை மேசைமேல் விரித்தார். அவர் தேயிலை ஃபேக்டரியில் இலை வாட்டும் பகுதியைப் பார்த்துக்கொண்டவர். ஊரில் எந்தச் சுற்றுலா என்றாலும் ஆள் சேர்ப்பது அவர்தான். கிள்ளான் துறைமுகத்தில் ஏறி, பினாங்கு, புக்கெட் பார்த்துவிட்டு ஐந்தாம் நாள் திரும்புவதாகத் திட்டம். கீழே பதினான்கு பேர். எட்டாவது பெயர் சரோஜா. சரோஜா என் மனைவி. மற்ற பெயர்கள் எதுவும் என் கண்ணில் படவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"சொன்னா நீங்க வேணாம்பீங்க," என்றாள் வீட்டில். "பத்தொம்போது வருசம் நீங்க கப்பல்ல இருந்தீங்க. நான் இங்கயே குளுர்ல கெடந்தேன். ஒரு தடவ நானும் பாக்கணும்லா. ஒங்களுக்கு பயம்னா நீங்க வராதீங்க."

பயம்தான். மறைக்க என்ன இருக்கிறது? கடலை விட்டு வந்து ஐந்து வருடம் ஆகிறது. இன்றைக்கும் பக்கத்து வீட்டில் பிரஷர் குக்கர் தொடர்ந்து விசில் அடித்தால் என் கை தானாகச் சட்டைப் பையில் பென்சிலைத் தேடுகிறது.

முதலில் நன்மைகளை எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் சரோஜா இதைக் கிழித்துப் போட்டுவிடுவாள்.

பெட்டியை ஒரு தடவை பிரித்தால் போதும். ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம், ஊர்தான் ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்கும். முட்டிவலிக்காரர்களுக்கு இதைவிட நல்ல பயணம் கிடையாது. எங்கே போவதற்கும் லிப்ட், நடக்க முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலி, ஒரு டாக்டர், இரண்டு நர்ஸ். சமைக்க வேண்டாம், பாத்திரம் கழுவ வேண்டாம். ஆயுசு முழுக்கக் கொழுந்து பறித்த பெண்கள் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருக்க, இன்னொருவர் வந்து டீ கொடுத்துவிட்டுப் போவார். அந்த டீயை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "இது டீயில்ல தம்பி, ஃபேக்டரில கூட்டித் தள்றது" என்று முகத்தைச் சுளித்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். நல்ல தூள் கொண்டுவந்து சமையல்காரரிடம் கொடுத்து, எப்படிப் போட வேண்டும் என்று பாடம் எடுத்தவர்களும் உண்டு.

சின்னத் தீமைகளும் இருக்கின்றன. அலை புரட்டினால் முதல் நாள் வாந்தி. ஒருவருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் பலருக்குப் பரவும். கரையில் இறங்கிச் சாமான் வாங்குகிறேன் என்று நேரத்தை விட்டால் கப்பல் காத்திருக்காது. மாரடைப்பு வந்தால் ஆஸ்பத்திரி வெகு தூரம். இதையெல்லாம் கடையில் உட்கார்ந்து எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்கள். பெரிய தீமையைச் சொல்ல வேண்டுமானால் பெரட்டில் இருந்து தொடங்க வேண்டும்.

இன்றைய பிள்ளைகளுக்குப் பெரட்டு என்றால் தெரியாது. விடிந்தும் விடியாத நேரத்தில், பனி கலையும் முன்னே, நிறுவைக் கொட்டகைக்கு முன்னால் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். கங்காணி பேர் கூப்பிடுவார். பேருக்கு உரியவர் "இருக்கேங்கய்யா" என்று குரல் கொடுத்தால் அன்றைக்கு வேலை. குரல் வராவிட்டால் பேரை வெட்டிவிடுவார்கள், அன்றைக்கு வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். எங்கள் கங்காணிக்குத் தொண்டையில் கோளாறு. அதனால் அந்த இரண்டு வருடமும் அவருக்குப் பதிலாகப் பேர் கூப்பிட்டது நான்.

எல்லாருக்கும் தெரிந்த ஒரு ரகசியம் அதில் இருந்தது. பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, அது அழுகையை நிறுத்தும்வரை நின்றுவிட்டு ஓடி வருகிற பெண்களுக்குப் பத்து நிமிடம் தாமதமாகும். அவர்கள் பேர் வந்தால் பக்கத்தில் நிற்கிறவள் குரல் கொடுப்பாள். கங்காணிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நிறுவைக்கு வரும்போது கூடையில் இலை இருந்தால் சரி. என் அம்மா என்னைச் சுமந்துகொண்டு மலை ஏற முடியாமல் பின்தங்கிய மாதங்களில், அவளுக்காகத் தினமும் குரல் கொடுத்தவள் லைன் வீட்டில் அடுத்த கதவுக்காரி. அது பொய் என்று யாரும் நினைத்ததில்லை. ஒருத்திக்கு ஒருத்தி செய்கிற உதவி. நானும் அப்படித்தான் நினைத்தேன், கடல் என்ற ஒன்றைப் பார்க்கும்வரை.

கப்பல் வேலைக்கு முன்னால் கிள்ளானில் ஒரு வாரப் பயிற்சி. குளத்தில் குதிக்கச் சொன்னார்கள். மலையில் பிறந்தவனுக்கு நீச்சல் எங்கே தெரியும்? கண்ணை மூடிக்கொண்டு சாமியைக் கூப்பிட்டுக் குதித்தேன். லைஃப் ஜாக்கெட் மேலே தூக்கிவிட்டது. தகர டப்பாவில் தீ மூட்டி அணைக்கச் சொன்னார்கள், அணைத்தேன். அவ்வளவுதான், சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

கப்பலில் எல்லாருக்கும் இரண்டு வேலை. ஒன்று தினசரி வேலை. எனக்கு அறைகளைச் சுத்தம் செய்வது, பிறகு ஒரு தளத்துக்கு மேற்பார்வை. இன்னொன்று ஆபத்து வந்தால் மட்டும் செய்ய வேண்டியது. ஏழு முறை சின்னதாகவும் ஒரு முறை நீளமாகவும் சங்கு ஊதினால் பயணிகள் லைஃப் ஜாக்கெட்டோடு தங்களுக்குக் குறித்த இடத்தில் கூட வேண்டும். அங்கே ஒருவர் பட்டியலைப் பார்த்துப் பேர் கூப்பிட வேண்டும். இதற்கு மஸ்டர் என்று பேர். 'அட, நம்ம பெரட்டு!' என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். பேர் கூப்பிடும் பொறுப்பை எனக்குக் கொடுத்தபோது, இதற்கு நான் பிறவியிலேயே தயார் என்ற நினைப்பு வேறு.

அந்த நினைப்பு பிடிக்காதவர் ஒருவர் இருந்தார். ரமோன், பிலிப்பீன்ஸ்காரர். கூடும் இடங்களுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பான அதிகாரி. ஆள் குள்ளம், குரல் அதைவிடச் சின்னது. திட்டவே மாட்டார், திட்டியிருந்தால் பரவாயில்லை என்று தோன்றும். பயிற்சி முடிந்து "எல்லாரும் இருக்கிறார்கள், சார்" என்று பட்டியலை நீட்டினால் வாங்கிக் கவிழ்த்து மேசைமேல் வைத்துவிடுவார். "எத்தனை பேர்?" என்பார். எண்ணைச் சொன்னால், "காட்டு" என்பார். பிறகு வரிசையின் ஒரு கோடியிலிருந்து நடப்பார். ஒவ்வொருவர் முன்னாலும் நின்று, முகத்தைப் பார்த்து, அறை எண்ணை அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லி, அப்புறம்தான் அடுத்தவருக்கு நகர்வார். பயணிகள் முணுமுணுப்பார்கள், சில பேர் எழுந்தே போய்விடுவார்கள். அவர் அதே வேகத்தில் நடந்துகொண்டிருப்பார்.

"பேர் கூப்பிட்டாச்சே சார், குரல் கொடுத்தாங்களே" என்று ஒருமுறை கேட்டேன். "யார் கொடுத்தது?" என்றார். எனக்குக் கோபம் வந்தது. இந்த ஆளுக்கு மனுசனை நம்பத் தெரியாது என்று மற்றவர்களிடம் சொல்லித் திரிந்தேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு மூன்று வருடம் முன்பு நடந்தது இது. கிள்ளானில் ஏறிய பயணிகளில் பன்னிரண்டு பேர் எங்கள் தோட்டத்துக்காரர்கள். பெயர்ப்பட்டியலைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்நிய ஊர்க்காரர்களுக்குப் படுக்கை விரித்தவனுக்கு நம்ம ஆட்களுக்கு விரிக்கிற பாக்கியம். கேட்டு வாங்கி அவர்களை என் தளத்திலேயே வைத்துக்கொண்டேன். அவர்களில் பாக்கியம் அக்காவும் லெட்சுமி அக்காவும் ஒரே அறை. இருவருக்கும் அறுபதைத் தாண்டிய வயது. முப்பது வருடம் ஒரே வரிசையில் கொழுந்து பறித்தவர்கள், லைனில் அடுத்தடுத்த வீடு. பாக்கியம் அக்காவுக்குக் காது கொஞ்சம் மந்தம்.

முதல் நாள் பயிற்சி உணவு மண்டபத்தில் நடந்தது. என் பட்டியலில் நாற்பத்தொரு பேர். "பாக்கியம்" என்றேன். "இருக்கேன்!" என்று குரல் வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். குரல் கொடுத்தது லெட்சுமி அக்கா. பக்கத்து நாற்காலி காலி. என்னைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கிச் சிரித்து, கையை வயிற்றில் வைத்துக் காட்டினார். பாக்கியத்துக்கு வயிற்றைப் புரட்டுகிறது, அறையில் படுத்திருக்கிறாள் என்று அர்த்தம்.

என் அம்மாவுக்குக் குரல் கொடுத்தவள் ஞாபகம் வந்தது. நானும் சிரித்தேன். பேருக்கு நேரே பென்சிலால் கோடு போட்டேன். அன்றைக்கு ரமோன் வேறொரு கூடும் இடத்தைப் பார்க்கப் போயிருந்தார், என் பக்கம் வரவில்லை. நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன்.

மறுநாள் மத்தியானம், பினாங்கைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தோம். கடல் அமைதியாக இருந்தது. மூன்றரை மணி வாக்கில் சங்கு ஊதியது. ஏழு சின்னது, ஒரு நீளம். பயிற்சி நாள் இல்லை என்பது ஊழியர்கள் எல்லாருக்கும் தெரியும். எதிரே வந்தவனின் முகத்தைப் பார்த்தேன், வெளிறிப் போயிருந்தது. கீழ்த் தளத்தில் ஊழியர்களின் சலவைக் கூடத்தில் துணி உலர்த்தும் இயந்திரம் தீப்பிடித்துவிட்டது. தீ பெரிதில்லை. ஆனால் புகை, காற்றுக் குழாய் வழியாக மேலே ஏறி எங்கள் தளத்துக்கு வந்துவிட்டது. கப்பலில் தீ என்றால் ஓடிப் போய் நிற்க முற்றம் கிடையாது, சுற்றிலும் தண்ணீர்தான்.

அறைகளைத் தேடும் குழு ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்து, ஆள் இல்லாத அறைக்கு 'காலி' என்று அட்டை மாட்டிக்கொண்டே போனது. நடைபாதையில் தீத்தடுப்புக் கதவுகள் தாமாகவே மூடிக்கொண்டன. உணவு மண்டபத்தில் குழந்தைகளின் அழுகையும் ஆளுக்கொரு மொழியில் கூச்சலும். நான் பட்டியலை எடுத்தேன். கூச்சலுக்கு மேலே கேட்கக் குரலை உயர்த்திக்கொண்டேன்.

"பாக்கியம்!"

"இருக்கேன்!"

கோடு போட்டேன். அடுத்த பேர், அடுத்த பேர். நாற்பத்தொன்றும் முடிந்தது. வாக்கிடாக்கியில் "எல்லாரும் இருக்கிறார்கள்" என்று சொல்லிவிட்டு, அப்பாடா என்று என் ஆட்கள் பக்கம் திரும்பினேன். லெட்சுமி அக்கா உடம்பில் ஒரு லைஃப் ஜாக்கெட் மாட்டியிருந்தார். மடியில் இன்னொன்று இருந்தது.

பக்கத்தில் போய்க் குனிந்தேன். "இது யாரோடதுக்கா?"

"பாக்கியத்தோடதுப்பா. நான் தூங்கிட்டேன், அது மேல காத்து வாங்க போயிருக்கும். நேரா இங்கதான் வந்துரும்னு இதயும் தூக்கியாந்தேன்."

"வரலயா? அப்ப நீங்க ஏங்க்கா குரல் குடுத்தீங்க?"

"நீ பேரக் கூப்ட்ட, வாய் வந்துருச்சு தம்பி." அதற்குப் பிறகுதான் தான் செய்தது அவருக்கே உறைத்தது. "பேர வெட்டிருவாங்களேன்னு..." என்றவர் முடிக்கவில்லை.

ரமோன் மண்டபத்தின் மறு கோடியில் இருந்தார். அவரிடம் போக முப்பது எட்டு வைத்தால் போதும். நான் போகவில்லை. எழுதவே கூசுகிறது. நான் வாசல் பக்கம் போனேன். மாடிப்படியை எட்டிப் பார்த்தேன். இதோ வந்துவிடுவார், பனியில் ஓடி வருகிற பெண்கள் மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு வந்துவிடுவார், யாருக்கும் தெரியாமல் உட்கார வைத்துவிடலாம் என்று நின்றேன். ஒரு நிமிடமோ ஒன்றரை நிமிடமோ இருக்கும். படியில் யாரும் வரவில்லை. திரும்பும்போது ரமோன் எனக்கு முன்னால் நின்றார்.

"எத்தனை பேர்?"

"நாற்பத்தொன்று சார்." வாய்தான் சொன்னது.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு லெட்சுமி அக்காவின் மடியில் இருந்த ஜாக்கெட்டைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"நாற்பது," என்றேன்.

அவர் முகம் மாறவில்லை. அதே சின்னக் குரலில் வாக்கிடாக்கியில் ஒரு பெண், வயதானவர், இன்ன அறை என்று சொன்னார். அந்த அறையில் காலி அட்டை மாட்டியாகிவிட்டது என்று பதில் வந்தது. அறையிலும் இல்லை, கூடும் இடத்திலும் இல்லை. பட்டியலில் மட்டும் இருந்தார். பட்டியலில் இருந்ததால் அதுவரை அவரை ஒருவரும் தேடவில்லை.

"போகும்போது கையில் என்ன வைத்திருந்தார் என்று கேள்," என்றார் ரமோன்.

நான் கேட்டேன். லெட்சுமி அக்கா கண்ணை மூடி யோசித்தார். "தூக்கக் கலக்கத்துல பாத்தேன். பை ஒண்ணு. ஈரப் புடவ இருந்துச்சு அதுல."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. எங்கள் தளத்தின் கோடியில் பயணிகளே துணி துவைத்துக்கொள்ள ஒரு சின்ன அறை உண்டு. தன் புடவையை அடுத்தவர் கையில் துவைக்கக் கொடுக்க மாட்டார் அக்கா. முந்தின நாள் வாந்தி பட்ட புடவையை அறையிலேயே அலசிவிட்டு, உலர்த்துவதற்காக அங்கே எடுத்துப் போயிருக்கிறார். இயந்திரச் சத்தத்திலும் காது மந்தத்திலும் சங்கு கேட்டிருக்காது. கதவைத் திறந்து வெளியே வந்தால் நடைபாதை முழுக்கப் புகை.

தீயணைப்பு ஆட்கள் போனார்கள். நான் என் இடத்தை விட்டு நகரக் கூடாது. வாக்கிடாக்கியைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன். லெட்சுமி அக்கா அந்த ஜாக்கெட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மாரியம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். மற்ற பத்துப் பேரும் என்னையே பார்த்தார்கள். நம்ம ஆள் இருக்கிறான், பார்த்துக்கொள்வான் என்று நம்பி வந்தவர்கள் அவர்கள். என்னால் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கண்டுபிடித்தார்கள். தீத்தடுப்புக் கதவுக்கு உள்பக்கம், கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தார். அந்தக் கதவைத் தள்ளினால் திறந்துகொள்ளும், பூட்டே கிடையாது. மூடியிருக்கிற கனத்த இரும்புக் கதவைப் பார்த்ததும், அடைத்துவிட்டார்கள் என்று நினைத்துவிட்டார். தட்டியிருக்கிறார். சங்கொலியில் யாருக்கும் கேட்கவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் எங்கள் ஊழியன் ஒருவன் பயணிகளுக்கு வழிகாட்ட நின்றுகொண்டேதான் இருந்தான். பேர் நிறைந்துவிட்டது என்று நான் சொன்னதும் அவனை வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டார்கள்; அக்கா வந்து தட்டியது அதற்குப் பிறகு.

ஈரப் புடவையை முகத்தில் போட்டு மூடிக்கொண்டிருந்ததால்தான் உயிர் இருந்தது என்று டாக்டர் சொன்னார். மாலையில் போய்ப் பார்த்தேன். மூக்கில் குழாய், உதட்டோரம் கரி. என் கையைப் பிடித்துக்கொண்டு பேசப் பார்த்தார், காற்றுதான் வந்தது, குரல் வரவில்லை. "பூட்டிட்டீங்கன்னு நெனச்சேன் தம்பி," என்றார். இன்றைக்கும் பாதித் தூக்கத்தில் எனக்கு அந்த வார்த்தை கேட்கிறது. புக்கெட்டில் இறக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஊருக்குத் திரும்பிவிட்டார். நடக்கிறார், சமைக்கிறார். குரல் மட்டும் திரும்பவில்லை. கரகரவென்று, பக்கத்தில் இருப்பவருக்குத்தான் கேட்கும்.

மறுநாள் ரமோன் ஒரு தாளைக் கொடுத்தார். "நடந்ததை எழுது. உனக்குத் தெரிந்தது எல்லாவற்றையும்." நான் எழுதினேன். கூச்சலில் குரலைச் சரியாக அடையாளம் காண முடியவில்லை என்று எழுதினேன். முதல் நாள் தெரிந்தே கோடு போட்டதை எழுதவில்லை. மாடிப்படியில் நின்ற நிமிடத்தையும் எழுதவில்லை. அவர் படித்தார், நான்காக மடித்தார். "உன் காது நன்றாகத்தான் கேட்கும்," என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் தேவைக்கு மேல் பேசியதில்லை. நானும் பிறகு ஒவ்வொரு பெரட்டிலும் ஒவ்வொரு முகத்துக்கு முன்னாலும் நின்றேன்.

ஊரில் பழி முழுக்க லெட்சுமி அக்கா தலையில் விழுந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கூட்டாளியைச் சாகக் கொடுக்கப் பார்த்தவள் என்றார்கள். கோயிலில் அவரைப் பார்த்தால் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். முதல் நாள் நான் சிரிக்காமல், "அக்கா, உங்க பேருக்கு மட்டும் சொல்லுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டாம் நாள் அந்த வாய் வந்திருக்காது. இதை இத்தனை வருடம் சரோஜாவிடம்கூடச் சொல்லவில்லை.

இப்போது கப்பலில் பேர் கூப்பிடுவதே குறைந்துவிட்டது. பயிற்சியைக் கைப்பேசியில் படமாகப் பார்த்துவிட்டு, கூடும் இடத்துக்குப் போய் அறைக் கார்டைத் தட்டினால் கணக்கில் ஏறிவிடும். கார்டு பொய் சொல்லாது, லெட்சுமி அக்காவின் வாய்க்கு அங்கே வேலை இல்லை என்று நானும் கொஞ்சம் தைரியமாகத்தான் இருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் மண்டபத்தில் பயணக் கூட்டம் நடந்தது. சரோஜாவும் நானும் போனோம். பாக்கியம் அக்காவும் லெட்சுமி அக்காவும் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"நீங்களுமாக்கா?" என்றேன், பாக்கியம் அக்காவிடம்.

குனிந்து காது கொடுத்தேன். "அந்தக் கப்பல்ல நான் பாத்தது ஆஸ்பத்திரி முகட்ட மட்டும்தான் தம்பி. கடலப் பாக்க வேணாமா?"

சின்னப்பன் அண்ணன் எழுந்து, கழுத்தில் மாட்டிக்கொள்ளும் ஒரு பையைத் தூக்கிக் காட்டினார். ஜிப் வைத்தது, இதற்கென்றே வாங்கியிருக்கிறார். "வயசானவங்க கார்டத் தொலச்சிட்டா சூசா லா, ரொம்ப கஷ்டம். எல்லார் கார்டும் இதுல போட்டு என்கிட்ட இருக்கும். பயிற்சிக்கும் நீங்க யாரும் அலைய வேணாம். நான் ஒருத்தன் போயி பதினாலயும் தட்டிட்டு வந்துர்றேன்."

எல்லாரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. பதினான்கு பேரும் கணக்கில் இருப்பார்கள். யார் எந்தக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாலும் கணக்கு நிறைந்திருக்கும். அதில் எட்டாவது சரோஜா.

பேசினால் யார் கேட்பார்கள்? அண்ணன் கையிலிருந்த தாளை வாங்கினேன். "சும்மா ஒரு பெரட்டு," என்றேன். சிரித்தார்கள். சிலர் விளையாட்டாக எழுந்து வரிசையில்கூட நின்றார்கள். கூப்பிட்டேன். ஒவ்வொருவராக "இருக்கேங்கய்யா" என்று அந்தக் காலத்து ராகத்திலேயே சொன்னார்கள். எட்டாவது பேர் வந்தது.

"சரோஜா!"

"இருக்கேன்!"

நிமிர்ந்தேன். சரோஜா டீக்குச் சர்க்கரை போதவில்லை என்று கடைக்குப் போயிருந்தாள். அவள் நாற்காலியில் அவளுடைய குடை மட்டும் கிடந்தது. குரல் கொடுத்த லெட்சுமி அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

யாரும் சிரிக்கவில்லை. அந்த அமைதியில்தான் பாக்கியம் அக்காவின் குரல் எல்லாருக்கும் கேட்டது. "இல்ல தம்பி. சரோஜா இங்க இல்ல."

"மறுபடியுமா? ஒனக்கு அறிவே வராதா?" என்று யாரோ லெட்சுமி அக்காவை அதட்டினார்கள். என்னால் தாங்க முடியவில்லை.

"அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க," என்றேன். "அன்னிக்கு கப்பல்ல மொத நாளே பாக்கியம் அக்கா வரலன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சே கோடு போட்டேன். அடுத்த நாளு ஆள் இல்லன்னு தெரிஞ்சும் ஒடனே சொல்லாம நின்னேன். எழுதிக் குடுத்ததும் பொய்." இவ்வளவுதான் சொன்னேன். லெட்சுமி அக்கா கையை வாயிலிருந்து எடுத்து என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். அவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எட்டு வருடமாக அழ வேண்டிய அழுகை அது. பாக்கியம் அக்கா அவர் தோளில் கை வைத்துக்கொண்டார்.

சரோஜா சர்க்கரைப் பொட்டலத்தோடு உள்ளே வந்து, "எதுக்கு எல்லாரும் என்னையே பாக்குறீங்க?" என்றாள். அவள் நிற்பதை ஒருமுறை முழுசாகப் பார்த்துக்கொண்டேன். பிறகு அந்தத் தாளில் பதினைந்தாவதாக என் பெயரை எழுதினேன். பயம் குறைந்ததால் அல்ல. வீட்டில் உட்கார்ந்து பயப்படுவதை விட அவள் பக்கத்தில் நின்று பயப்படலாம் என்றுதான். சின்னப்பன் அண்ணன் அந்தக் கழுத்துப் பையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவரவர் கார்டு அவரவர் கழுத்தில் என்று பேச்சாயிற்று.

யார் பேர் கூப்பிடுவது என்று கேட்டார்கள். தாளைப் பாக்கியம் அக்காவிடம் கொடுத்தேன். "எனக்கேது தம்பி குரல்?" என்றார். அதனால்தான் என்றேன்.

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கீழிருந்து தொடங்கினார். உதடு அசைந்தது. என் பெயர் என்று யூகித்து, இருந்த இடத்திலிருந்தே "இருக்கேன்" என்றேன். அவர் பென்சிலை அசைக்கவில்லை. கையை நீட்டி விரலால் கூப்பிட்டார். எழுந்து போய் அவருக்கு முன்னால் நின்றேன். நிமிர்ந்து என் முகத்தை நன்றாகப் பார்த்தார்.

"இப்ப சொல்லு," என்றார்.